கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

கேள்வி: எங்கள் ஊரில் கிராம சபை அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. போட்டு ஆறு மாதமான சிமென்ட் சாலை பெயர்ந்து கிடக்கிறது. திண்ணையில் திட்டுகிறவர்கள் சபையில் வாய் திறப்பதில்லை. நான் கேட்டால் அவதூறு வழக்கு வரும் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஊர்க்காரர்களைக் கோழைகள் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டு வரி ரசீதுக்கும் குடிநீர் இணைப்புக்கும் நாளைக்கு அதே அலுவலகத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும். அந்தப் பயம் நியாயமானது. அதனால் தனியாக எழுந்து நிற்காதீர்கள். பத்துப் பேர் கையெழுத்திட்டு எழுத்தில் கேளுங்கள்.

“சாலையில் ஊழல்” என்று ஆரம்பித்தால் “ஆதாரம் இருக்கா?” என்று ஒரே வரியில் உட்காரவைத்துவிடுவார்கள். அளவைக் கேளுங்கள். அதற்கு மதிப்பீடு, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம், பணம் கொடுத்த பட்டியல் ஆகிய மூன்றின் நகலும் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். ஆகவே அக்டோபர் 2 சபைக்கு ஜூன் மாதமே மனுப் போட்டுவிடுங்கள்.

உதாரணமாக, எம்-புக்கில் 120 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றிருந்தால் கான்கிரீட் 54 கன மீட்டர். கனம் 12 செ.மீ.தான் என்றால் 43.2. மீதி 10.8 கன மீட்டர் எங்கே என்பதுதான் உங்கள் கேள்வி. இதைச் சத்தம் போட்டு அமுக்க முடியாது. ஓரத்தை மட்டும் அளந்து முடிவுக்கு வராதீர்கள். ஓரம் கனமாகவும் நடுப்பகுதி மெலிந்தும் இருக்கலாம். பணியை நேரில் ஆய்வு செய்யவும் போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரி பெறவும் அதே சட்டம் உரிமை தருகிறது. பலருக்கு இது தெரியாது.

சபைக்கு ஒரு வாரம் முன்பே கடிதத்தை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபால்.

அன்றைக்குக் கவனிக்க வேண்டியது கையெழுத்து. 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வர வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்குக்காக வாங்கும் வருகைக் கையெழுத்து, பிறகு “ஏகமனதாக நிறைவேறியது” என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. தீர்மானத்தை முழுதாக வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள். உங்கள் கேள்வியும் அதற்குக் கிடைத்த பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும் என்று வற்புறுத்துங்கள். ஏறாத கேள்வி கேட்கப்படாத கேள்விதான்.

வழக்குப் பயம் பற்றி: பொது ஊழியர் தம் பணியில் நடந்துகொண்ட விதம் குறித்து நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவே இந்த விதிவிலக்கைத் தருகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் “திருடன்” என்று எழுதினாலோ, குடும்பத்தை, சாதியை இழுத்தாலோ இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

தலைவரோ, தலைவர் இல்லாதபோது ஊராட்சியைக் கவனிக்கும் தனி அலுவலரோ கணக்கைக் காட்டி, கனம் சரியாக இருக்கிறது என்று நிரூபித்தால், அதையும் அதே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்கள் எழும்போது சபை காது கொடுக்கும்.