வில் பழகத் தொடங்குபவர்களின் கேள்விகளும் பதில்களும்

சார், என் பையனுக்கு 11 வயது. 30 பவுண்டு வில் வாங்கினால் பல வருடம் உழைக்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். அவனுக்கு 12 முதல் 16 பவுண்டு போதும். புதிதாகப் பழகும் பெரியவர்களுக்கே 18 முதல் 24 பவுண்டு தாராளம். லிம்பில், அதாவது வில்லின் வளையும் கையில், எழுதியிருக்கும் பவுண்டு வில்லின் எடை அல்ல, நாணை 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள இழுவிசை. அதைவிடக் குறைவாக இழுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 2 பவுண்டு குறையும்.

இழுக்கக் கனமான வில்லைக் கொடுத்தால் பிள்ளை தோளைத் தூக்குவான், இடுப்பைப் பின்னால் வளைப்பான், கை தாங்காமல் அவசரமாக அம்பை விடுவான். இந்தப் பழக்கங்கள் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் திருத்துவது இதைத்தான். முழுதாக இழுத்துக் கை நடுங்காமல் 10 வினாடி நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது அவன் வில் இல்லை.

முதல் சில மாதம் பயிற்சி மையத்து வில்லிலேயே பழகட்டும். அப்புறம் கழற்றி மாட்டும் ரீகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) வாங்குங்கள். பலம் கூடும்போது லிம்பை மட்டும் மாற்றினால் போதும்.

எனக்கு வலது கைப் பழக்கம். ஆனால் இடது கண்தான் ஆதிக்கக் கண் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, இரு கண்ணாலும் தூரத்துப் பொருள் ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணுக்குப் பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் குறி பார்க்க உதவும் உங்கள் ஆதிக்கக் கண். இடது என்றால், இடக்கை வில்லிலேயே (வலக்கையில் பிடித்து இடக்கையால் நாணை இழுப்பது) தொடங்குங்கள். இப்போது இரண்டு கையும் வில்லுக்குப் புதிதுதானே.

நாண் பட்டு முன்கை கன்றிப்போகிறது அண்ணா.

வில் பிடிக்கும் கையின் முழங்கை மடிப்பு வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டைப் பார்க்கும்படி முழங்கையைச் சுழற்றுங்கள் தம்பி. உள்ளங்கை அசையக் கூடாது. முன்கையில் கட்டும் ஆர்ம் கார்டு என்ற காப்புப் பட்டை கட்டாயம். அதற்கும் அடங்காவிட்டால் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 68 அங்குல வில்லுக்கு அது எட்டரை முதல் 9 அங்குலம் வரை இருக்கலாம். குறைந்திருந்தால் நாணைக் கழற்றி, இன்னும் சில சுற்று முறுக்கி மாட்டுங்கள்.

ரீகர்வா, கப்பிகள் வைத்த காம்பவுண்டா?

ரீகர்வில் தொடங்குவதே என் விருப்பம். உடம்பு சரியாகப் பழகும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்டிருப்பதால், அந்தப் பக்கம் ஆர்வம் இருந்தாலும் தவறில்லை.

வில்லைக் கார் டிக்கியிலேயே வைத்திருக்கிறேன். பராமரிப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் அங்கிருந்து எடுங்கள்! நம் ஊர் வெயிலில் மூடிய கார் அடுப்பாகிவிடும். லிம்பின் அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை இளகும், லிம்ப் முறுக்கிக்கொள்ளும். பயிற்சி முடிந்ததும் நாணை இறக்கி, ஈரம் துடைத்து, நிழலான இடத்தில் வையுங்கள்.

நாண் ஏற்ற ஸ்ட்ரிங்கர் கயிறு வைத்துக்கொள்ளுங்கள். காலுக்கு நடுவே வில்லை வளைத்து ஏற்றினால் லிம்ப் திருகும். நாணில் பிசிறு தெரிந்தால் மெழுகு தடவி விரலால் சூடு பறக்கத் தேய்க்கலாம். இழை அறுந்திருந்தால் மெழுகு உதவாது, புது நாண்தான்.

இன்னொன்று, அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுக்க லிம்புக்கே திரும்பும். ஒரே தடவையில் வெடித்துப்போன வில்லும் உண்டு. பார்க்க வந்தவர்கள் ஆசையாகக் கேட்டாலும் கையில் கொடுக்காதீர்கள்.

கார்பன் அம்பு கல்லில் பட்டது. மேலே ஒன்றும் தெரியவில்லை. பயன்படுத்தலாமா?

காதருகே வைத்து லேசாக வளைத்து, சுற்றிச் சுற்றிச் சோதியுங்கள். நெறிபடும் சத்தம் கேட்டால் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு, விடும்போதே சிதறிக் கையில் ஏறும்.

மொட்டை மாடியில் பழகலாமா சார்?

அம்பு வைத்து வேண்டாம். 20 பவுண்டு வில்லின் அம்பே 100 மீட்டர் தாண்டிப் போகும். அடுத்த தெருவில் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. மாடியில் ரப்பர் பேண்டை இழுத்து நிற்கும் முறையைப் பழகுங்கள். அம்பைப் பயிற்சித் திடலில் மட்டும் எடுங்கள்.