மூன்றாவது படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் எழுதும் பதில்

கேள்வி இது: "தாய்லாந்தில் ஒன்றரை சென்ட் இடத்தில்கூட இவ்வளவு அழகாக வீடு கட்டுகிறார்களே, என்ன ரகசியம்? இணையத்தில் கிடைக்கும் படத்தைக் காட்டி அதே மாதிரி கட்டச் சொல்லலாமா?"

சொல்லலாம். மேஸ்திரி கட்டியும் கொடுத்துவிடுவார். ஆனால் உங்களால்தான் அதில் குடியிருக்க முடியாது, ஏனென்றால் அது யாரோ ஒருவருடைய மாமியாரின் முழங்கால் வலிக்காகப் போட்ட பிளானாக இருக்கும்.

உங்கள் போனில் இந்நேரம் ஒரு ஐம்பது படமாவது இருக்கும். வெள்ளைச் சுவர், காற்றுப் போக ஓட்டை விட்ட ஜாளிக் கல், வீட்டு நடுவில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு பூனை. தெரியும், நானும் வைத்திருந்தேன்.

நான் கட்டடக்காரன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கமெண்டில் வந்து "நீ என்ன சிவில் இன்ஜினியரா" என்று கேட்காதீர்கள். பாங்காக்கில் 11 வருஷமாக இருக்கிறேன். சீலோம் பக்கம் ஒரு கல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன் (ரத்தினக் கல், ஜல்லி இல்லை). மனைவி இந்த ஊர்க்காரர், சீன வம்சாவளி. இருப்பது மாமியார் வீட்டில். ஆமாம், வீட்டோடு மாப்பிள்ளைதான். வெளிநாட்டுக்காரன் தன் பேரில் நிலம் வாங்க இங்கே சட்டம் விடாது, அதனால் ஊரில் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வீடு ஆற்றுக்கு மேற்கே தொன்புரியில், கடைவீடு. சிங்கப்பூர், மலேசியாத் தமிழர்களுக்குக் கடைவீடு என்றால் உடனே புரியும்: கீழே கடை, மேலே குடித்தனம், இரண்டு பக்கச் சுவரும் அண்டை வீட்டோடு ஒட்டியிருக்கும். பாங்காக்கில் எங்கே திரும்பினாலும் இதுதான் வரிசை வரிசையாக நிற்கும். அகலம் 4 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று விதி, அதனால் பெரும்பாலும் சரியாக 4 மீட்டர்தான் இருக்கும். எங்களுடையது 4 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம், தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம். பின்னால் கொஞ்சம் சந்து. மொத்த மனை 16 சதுர வா. ஒரு சதுர வா என்பது 4 சதுர மீட்டர், கணக்குப் போட்டால் ஒன்றரை சென்ட்டுக்கு ஒரு பிடி கூட. நீங்கள் கேட்ட அதே அளவு, அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சுருக்கென்றது.

இந்த மாதிரி வீட்டில் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான் வெளிச்சம் வரும். நடுவில் ஐந்தாறு மீட்டருக்குப் பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியவேண்டும். பக்கத்தில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. தனி வீடாக இருந்தால்கூட எல்லைக் கோட்டிலிருந்து 2 மீட்டராவது தள்ளினால்தான் ஜன்னல் வைக்கலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வீட்டை மாற்றிக் கட்டலாம் என்று முடிவானது. மனைவிக்குத் தெரிந்த ஓர் இளம் ஆர்க்கிடெக்ட் வந்தாள். இரண்டே பேர் இருக்கும் சின்ன ஆபீஸ். வந்தவள் டேப்பை எடுப்பாள் என்று பார்த்தால், கீழே கடையில் உட்கார்ந்து மாமியாரிடம் ஒரு தட்டுச் சோறும் குழம்பும் வாங்கிச் சாப்பிட்டாள். மாமியார் கீழே குழம்புச் சோறு விற்கிறார், காலை 6 மணிக்குப் பத்துப் பதினைந்து தட்டம் வரிசையாக வைத்துவிடுவார். சாப்பிட்டு முடித்தும் போகவில்லை, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கணக்குப் பிள்ளை புத்தி, இதற்கும் சேர்த்து ஃபீஸ் வாங்குவாளோ என்று ஓடிக்கொண்டிருந்தது.

போகும்போது ஒரு வேலை கொடுத்தாள். "பீ, மூன்று நாளைக்கு வீட்டில் யார் எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதித் தாருங்கள், ஆளுக்குத் தனித்தனியாக." பீ என்றால் அண்ணா, அக்கா இரண்டுக்கும் இங்கே அதுதான்.

நான் பொய் எழுதினேன். வேண்டுமென்று இல்லை, கூச்சம். காலையில் உடற்பயிற்சி, மாலையில் வாசிப்பு, அதனால் ஒரு படிப்பறை தேவை, ஊரிலிருந்து சொந்தபந்தம் வந்தால் தங்க ஒரு விருந்தினர் அறை தேவை, இப்படி. என் மனைவி எழுதிய தாளில் இருந்தது: "இவர் ராத்திரிச் சாப்பாட்டை மாடிப்படியில், கீழிருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்து சாப்பிடுவார். அம்மா அங்கே மறுநாளைக்குக் காய் நறுக்குவார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளமாட்டார்கள், ஆனால் ஒருவர் வரும்வரை இன்னொருவர் ஆரம்பிக்கமாட்டார்." விருந்தினர் பற்றியும் எழுதியிருந்தாள்: 6 வருஷத்தில் இரண்டு தடவை, மொத்தம் ஒன்பது ராத்திரி.

அந்தத் தாளைப் பார்த்து எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று ஒரு வெளியாளிடம் எழுதிக் கொடுப்பதா?

இரண்டு வாரம் கழித்து பிளான் வந்தது. படிப்பறை இல்லை, விருந்தினர் அறை இல்லை. வீட்டு நடுவில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் தரையையே எடுத்துவிடச் சொன்னாள். மாடிக்கு ஏறக்குறைய 4 சதுர மீட்டர், கூரையிலிருந்து கீழ்வரை ஒரு வெளிச்சக் கிணறு மாதிரி. மேலே கூரையில் ஒளி புகும் பாலிகார்பனேட் தகடு, தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே சூடான காற்று வெளியேற இடைவெளி. இருக்கிறதே ஒன்றரை சென்ட், அதில் காசு கொடுத்து இடத்தைத் தொலைப்பதா என்று கத்தினேன். அவள் அசரவில்லை. இந்தக் கடைவீடுகளில் தரை பெரும்பாலும் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகளை உத்திரத்தின் மேல் அடுக்கியதுதான், எடுத்தாலும் உத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் வீட்டில் தட்டிப் பார்த்துவிட்டேன் என்றாள். (இதைப் படித்துவிட்டு யாரும் கடப்பாரையை எடுக்காதீர்கள். ஊரில் மொத்தமாக ஊற்றிய தளம் என்றால் கதையே வேறு.)

மாமியாரிடம் போய் நியாயம் கேட்டேன். "மே, வீட்டில் ஓட்டை போடச் சொல்கிறாள்." மே என்றால் தாய் மொழியில் அம்மா. தாய்மொழியில் இல்லை, தாய் மொழியில். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வாசலைப் பார்த்துத் தரையில் வைத்திருக்கும் சிவப்புச் சாமி மாடத்துக்கு நேர் மேலே படியோ கழிவறையோ வருமா? வராது. அப்புறம் என்ன, போடட்டும்.

அந்த மாடம் நகரக்கூடாது என்பதற்காகத்தான் படிக்கட்டே இடம் மாறியிருந்தது, அதை நான் கவனிக்கவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி, அதிகாலை மூன்றரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுபவர், அதனால் அவர் படுக்கை கீழேயே, கடைக்கும் அடுக்களைக்கும் நடுவில், அந்த வெளிச்சக் கிணற்றுக்குக் கீழே. அடுக்களை பின்சந்தில், அரைச் சுவரும் ஜாளிக் கல்லுமாகத் திறந்து இருக்கிறது. காரணம் அழகு இல்லை. மிளகாயும் பூண்டும் இடித்து எண்ணெயில் போட்டால் மேல் மாடிவரை எல்லோரும் இருமுவோம். அதனால்தான் இங்கே வசதியானவர்கள்கூட ஏசி போட்ட பளபளப்பான அடுக்களையைக் காட்சிக்கு வைத்துவிட்டுப் பின்னால் இன்னொன்றில் சமைப்பார்கள். அந்த ஜாளியைத்தான் நாம் படத்தில் பார்த்து "ஆஹா" என்கிறோம்.

அந்தச் சந்தில் ஏற்கெனவே ஓர் அடுக்களை இருந்தது, ஒரு கான்ட்ராக்டர் போட்டது. பாங்காக் மண் களிமண், வீட்டின் பைல் (அஸ்திவாரத்துக்கு மண்ணுக்குள் இறக்கும் தூண்) இருபது மீட்டருக்கு மேல் இறங்கி மணலில் நிற்கும். அந்த மனிதர் 6 மீட்டர் குட்டைப் பைல் போட்டு, அதைக் கொண்டுவந்து வீட்டோடு கட்டிவிட்டார். மூன்றே வருஷத்தில் அடுக்களை இறங்கி, சுவரில் நான்கு விரல் போகிற அளவு பிளவு. எங்கள் ஆர்க்கிடெக்ட் செய்தது எளிது: அடுக்களையை வீட்டிலிருந்து வெட்டித் தனியாக நிறுத்தினாள். இறங்குவதானால் தனியாக இறங்கட்டும், நடுவில் இடைவெளி, மேலே ஒரு தகரம். இப்போது ஒரு விரல் இறங்கியிருக்கிறது, யாருக்கும் கவலை இல்லை.

அப்புறம் அந்த மூன்றாவது படி. பிளானில் அது மட்டும் அகலமாக இருந்தது. மற்ற படியெல்லாம் ஒரு சாண் சொச்சம், இது மட்டும் ஒரு முழத்துக்கு மேல், சுவரில் தட்டு வைக்க ஒரு மாடக்குழி. எதிரே தரையில் காய் நறுக்க ஒரு தாழ்வான மரத்திட்டு. அதைப் பார்த்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

இது எங்கள் ஆர்க்கிடெக்டின் தனித் திறமை என்று நினைக்கவேண்டாம், இங்கே பலர் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். பதமா ரூன்ரக்வித் என்பவர் குடிசைப் பகுதி மக்களோடு உட்கார்ந்து வரைந்தே பேர் வாங்கியவர். பாங்காக்கில் நடுத்தரக் குடும்பங்கள் பத்து சேர்ந்து ஒரே மனையில் கட்டிக்கொண்டபோது, அதையும் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டுக் கேட்டுத்தான் வரைந்தார். சத்போங் சூன்ருதீமோன் என்பவர் இன்னும் வேடிக்கை, கட்டடத் தொழிலாளர் கொட்டகை, வருகிறவர்களின் கார் வெளியே தெரியாமல் திரை போட்டு மறைக்கும் பழைய மோட்டல் என்று யாரும் மதிக்காத கட்டடங்களைத் தேடித் தேடி அளந்து வரைந்து, அதற்கு "பாங்காக் பாஸ்டர்ட்ஸ்" என்று பேரும் வைத்தார். அப்படி ஒரு பழைய மோட்டலைத்தான் அவர் சாம்சென் தெரு ஹோட்டலாக மாற்றினார், வெளியே பச்சைச் சாரம் கட்டினது கட்டினபடி நிற்கிற மாதிரி இருக்கும். அரசாங்கத்திலும் 2003-லிருந்து பான் மன்கோங் என்று ஒரு திட்டம் நடக்கிறது, குடிசைப் பகுதி, கால்வாய் ஓரத்துக் குடியிருப்பு மக்களே கடன் சங்கம் வைத்து, மனை பிரித்து, பிளானில் கை வைத்து வீடு கட்டிக்கொள்வது. பாங் புவா கால்வாய்ப் பக்கம் போனால் பார்க்கலாம்.

தாய்லாந்து ஜால்ரா என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், இங்கே பெரும்பாலான ஜனம் இப்படிப்பட்ட வீட்டில் இல்லை. பலர் இருபத்தைந்து சதுர மீட்டர் காண்டோ ஃபிளாட்டில் துணி காயப்போட இடமில்லாமல் இருக்கிறார்கள். ஆர்க்கிடெக்டுக்குக் கொடுக்க எல்லாரிடமும் பணம் இல்லை. எங்களுக்கும் இல்லை, மனைவியின் பத்து வருஷச் சீட்டுப் பணம் அது.

சொல்ல வந்ததை விட்டு இன்னொன்று. ஊருக்கு வந்து பாங்காக்கில் இருக்கிறேன் என்றால் ஏன் எல்லோரும் ஒரு மாதிரி சிரிக்கிறீர்கள்? பக்கத்து வீட்டு மாமா, பேங்க்கில் இருக்கிறவர், முடிவெட்டுகிறவர், எல்லாரும் அதே சிரிப்பு, "ஜாலிதான் போல" என்று ஒரு கேள்வி. பக்கத்தில் என் மனைவி நிற்கிறாள், அவளுக்கு இப்போது அந்த அளவு தமிழ் புரியும். எங்களுக்கு இங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது, மின்சாரக் கட்டணம் இருக்கிறது, பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு: படத்தை மேஸ்திரியிடம் காட்டுவதற்கு முன் அந்த மூன்று நாள் தாளை வீட்டில் எல்லோரும் எழுதுங்கள். உங்கள் தாளை நீங்களே எழுதாமல் மனைவியிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு குறை இருக்கிறது. மழை வந்தால் கூரைத் தகடு பறை மாதிரி அதிர்கிறது, வெளிச்சக் கிணறு அந்தச் சத்தத்தை நேராக மாமியார் கட்டிலுக்கு இறக்குகிறது. சாயங்காலம் ஏழு மணி நாடகத்தில் ஒரு வசனம் கேட்காது. மூன்று நாள் தாளில் நாங்கள் யாரும் மழையை எழுதவில்லை, அது வறண்ட மார்ச் மாதம். இப்போது மழைக்காலம் முழுக்க அவர் டிவி சத்தத்தை நாற்பதில் வைக்கிறார், நான் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அந்த நாடகம் மொத்தமும் கேட்டுவிட்டேன், கதாநாயகியின் சித்தி இன்னும் திருந்தவில்லை.