ஸ்டென்ட் வைத்தபின் வைட்டமின் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. சென்ற மாதம் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தக்குழாய் சீக்கிரம் ஆறும் என்று சித்தப்பா வைட்டமின் சி, இ, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகள் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சித்தப்பாவின் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தக் காயம் வேகமாக ஆறினால் போதாது, அளவோடு ஆற வேண்டும்.

ஆஞ்சியோபிளாஸ்டியில் இதய ரத்தக்குழாய்க்குள் சின்ன பலூனை விரித்து அடைப்பை விலக்கும்போது குழாயின் உள்சவ்வு கிழியத்தான் செய்யும். குழாயைத் திறந்தபடி தாங்கி நிற்கும் ஸ்டென்ட் வலையின் கம்பிகள் மேல் புதுச் சவ்வு மெல்லிசாகப் படர்ந்தால் நல்லது. அடியிலுள்ள தசை செல்கள் மிதமிஞ்சிப் பெருகினால் குழாய் மறுபடி குறுகிவிடும்.

பி வைட்டமின் கதையைக் கேளுங்கள். ஃபோலிக் ஆசிட், பி6, பி12 மூன்றையும் கொடுத்ததில் மறு அடைப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2001-ல் ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு சொன்னது. அதில் பலருக்குப் பலூன் சிகிச்சை மட்டுமே. 2004-ல் ஸ்டென்ட் வைத்த 636 பேரிடம் பார்த்தால் முடிவு தலைகீழ்! வைட்டமின் எடுத்தவர்களில் 34.5 சதவீதம் பேருக்கு மறு அடைப்பு, எடுக்காதவர்களில் 26.5 சதவீதம். செல்கள் பெருக ஃபோலிக் ஆசிட் உதவும், அதுவே வினையாகியிருக்கலாம். அவை மருந்து பூசாத பழைய வகை ஸ்டென்ட்கள்தான். இருந்தாலும் தேவையில்லாமல் ஏன் கொடுக்க வேண்டும்? ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்தால் அது வேறு விஷயம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அப்படிக் குறைவதுண்டு. அப்போது டாக்டரே எழுதித் தருவார்.

சி, இ இரண்டையும் பீட்டா கரோட்டினோடு பெரிய அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1997-ல் வந்தது. மறு அடைப்பு குறையவில்லை. ஸ்டென்டில் ரத்தம் உறையாமலிருக்க அப்பா ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுத்துக்கொண்டிருப்பார். அதோடு வைட்டமின் இ அதிகமானால் ரத்தக்கசிவு கூடலாம். வைட்டமின் சி இல்லாமல் எந்தக் காயமும் சரியாக ஆறாது, உண்மைதான். அதற்கு தினம் ஒரு கொய்யாப்பழம் போதும். சர்க்கரை நோய் இருந்தால் பாதிப் பழம்.

உங்கள் கவனமெல்லாம் அந்த ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மீது இருக்கட்டும். ஒரு வேளைகூட விடக் கூடாது. பல் பிடுங்கப் போகும் இடத்தில் நிறுத்தச் சொன்னாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது சித்தப்பா வாங்கிய மாத்திரைகளையும் எடுத்துப்போய் அவரிடம் காட்டுங்கள்.