ஒரே ஒயரில் பேச்சும் நெட்டும்

கேள்வி: எங்கள் தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை, பழைய டெலிபோன் ஒயரில்தான் பிராட்பேண்ட். டயல்-அப் காலத்தில் நெட் போட்டால் போன் எங்கேஜ்டாக இருக்குமே, இப்போது மட்டும் எப்படி இரண்டும் ஓடுகிறது? போன் மணி அடித்தால் மட்டும் நெட் கட்டாகிறது, ஏன்?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: டெலிபோனில் நம் குரல் போக 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் போதும். டயல்-அப் மோடம் அந்தக் குரலின் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது, அதனால் போன் எங்கேஜ்ட், வேகமும் 56 கிலோபிட்டைத் தாண்டவில்லை. ஆனால் அதே செம்புக் கம்பிக்கு அதற்கு மேலும் நிறைய கொள்ளளவு உண்டு, ஏ.டி.எஸ்.எல். என்கிற, உங்கள் டெலிபோன் ஒயர் பிராட்பேண்ட் முறை அதைத்தான் பயன்படுத்துகிறது. குரலைத் தொடாமல், சுமார் 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 138 வரை நீங்கள் அனுப்புவதற்கு, அங்கிருந்து 1,104 வரை உங்களுக்கு வருவதற்கு. டவுன்லோடுக்கு இடம் அதிகம், அதனால்தான் அப்லோடு எப்போதும் மெதுவாக இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மோடம் போட்டதும் அந்த லிங்க் விளக்கு கண் சிமிட்டுகிறதே, அப்போது நடக்கும் வேலை. மொத்த இடத்தையும் 4 கிலோஹெர்ட்ஸ் சொச்சம் அகலமுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இரைச்சல் எவ்வளவு என்று பார்த்து, சுத்தமான துண்டில் நிறைய பிட் ஏற்றி, மோசமானதை அப்படியே விட்டுவிடும். உங்கள் ஒயருக்கு ஏற்ற கணக்கு அது, பக்கத்து வீட்டுக்கு வேறு.

சரி, மணி விஷயம். மணி அடிக்கும்போது பேச்சைவிடப் பெரிய மின்னழுத்தம் கம்பியில் வரும். லைன், போன், மோடம் என்று மூன்று துளை உள்ள ஸ்ப்ளிட்டர் டப்பா அதையும் நெட்டையும் பிரித்து வைக்கிறது. பெட்ரூம் எக்ஸ்டென்ஷனை அந்த டப்பாவுக்கு முன்னாலேயே இணைத்திருந்தால் இதுதான் கதி. பாதிப் பேர் வீட்டில் நான் பார்த்தது இந்தத் தப்புதான்.

இன்னொன்று, ஜாயின்ட். புதுச்சேரியில் எங்கள் வீட்டு சன்ஷேடுக்குக் கீழே டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட்டைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்துப்போய், தொட்டாலே உதிர்ந்தது. கடல் காற்றின் வேலை. ஒரு அங்குலம் வெட்டி, புதிதாக முறுக்கி, நன்றாக மூடிய பிறகு நெட் கட்டாவது நின்றது. முதுநகரிலும் அதே காற்றுதானே?

கேள்வி: அதே பிளான்தான், எக்ஸ்சேஞ்சுக்கு அடுத்த தெருவில் இருக்கும் என் தம்பிக்கு மட்டும் வேகம் அதிகம். மோடத்தை மாற்றலாமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம், காசு வீண். கம்பி நீள நீள உயர்ந்த அதிர்வெண்கள்தான் முதலில் தேய்கின்றன, வேகம் இருப்பதும் அங்கேதான். 5 கிலோமீட்டர் வாக்கில் ஏ.டி.எஸ்.எல். தத்தளிக்க ஆரம்பித்துவிடும். அந்தத் தூரம் சாலைக் கணக்கு இல்லை, தெருவோரம் நிற்கும் போன் இணைப்புப் பெட்டி, அதாவது பில்லர் பாக்ஸ் எல்லாம் சுற்றி வரும் கேபிளின் நீளம். முதலில் போனை எடுத்துக் காதில் வையுங்கள். கரகரவென்று கேட்டால் நெட் புகாரை விட்டுவிட்டு போன் லைன் புகார் கொடுங்கள், அதே கம்பிதான்.