கோல்ஃப் கிரீனில் பூக்கும் உப்புக்கு ஜிப்சம் போதுமா?

கேள்வி: துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். சுத்திகரித்த கழிவுநீரையே பாய்ச்சுகிறோம். கோடையில் கிரீன்களின் (பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பு) மேல் உப்பு வெள்ளையாகப் பூத்து, புல்லின் நுனி கருகுகிறது. மாதந்தோறும் ஜிப்சம் தூவியும் பலனில்லை. திருச்சிப் பக்கம் எங்கள் களர் வயலை என் தந்தை ஜிப்சம் இட்டே திருத்தினார். இங்கே மட்டும் ஏன் பலிக்கவில்லை?
— வாசகர், துபாய்

பதில்: விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. தந்தையார் திருத்தியது களர் நிலம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளோ உவர் நிலத்துக்கு, அதாவது கரையும் உப்பு மிகுந்த நிலத்துக்கு, உரியவை. களரில் சோடியம் களித்துகள்களைப் பற்றிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடுகிறது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை விலக்கி அதன் இடத்தைப் பிடிக்க, விலகிய சோடியம் வயலில் கட்டி வடிக்கும் நீரோடு வெளியேறுகிறது. தந்தையார் தண்ணீர் கட்டி வடித்ததையும் நினைவுகூர்ந்து பாருங்கள். பாதி வேலை அதில்தான் நடந்தது.

கிரீன் என்பதோ பெரும்பாலும் சரளைப் படுகையின் மேல் ஏறத்தாழ 30 செ.மீ. மணல் பரப்பி அமைக்கப்படுவது. களி மிகக் குறைவாக இருப்பதால் கால்சியம் விலக்குவதற்கு அங்கே அதிகச் சோடியம் ஒட்டியிருப்பதில்லை. ஜிப்சமும் ஓர் உப்புத்தான் என்பதால், நீர் போதாத இடத்தில் அதைத் தூவுவது உப்போடு உப்பைச் சேர்ப்பதாகவே முடியும்.

ஆகவே முதலில் மண் பரிசோதனை அறிக்கையைப் பாருங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸுக்கு மேலும், சோடியம் உறிஞ்சு விகிதம் (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடியத்தின் அளவு) 13க்குக் கீழும் இருந்தால் உங்களுக்குத் தேவை தண்ணீர். விகிதம் 13ஐத் தாண்டினால் மட்டுமே ஜிப்சத்துக்கு உண்மையான வேலை உண்டு.

தண்ணீரைப் பாய்ச்சும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. மணலும் சரளையும் சந்திக்கும் இடத்தில் நீர் தொங்கி நிற்கும்; மேலிருந்து போதுமான நீர் வந்து அழுத்தும்வரை அது சரளைக்குள் இறங்காது. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டுமே மிஞ்சும். எனவே கிரீனில் துளையிட்டபின், இரவில் இடைவெளி விட்டுப் பல தவணைகளாக நிறையப் பாய்ச்சுங்கள். பாய்ச்சும் நீரின் மின்கடத்து திறன் 3 ஆகவும், உங்கள் புல் தாங்கும் அளவு 6 ஆகவும் இருந்தால், வழக்கமான கணக்கின்படி பாய்ச்சும் நீரில் ஒன்பதில் ஒரு பங்கு வேருக்குக் கீழே வடிந்தாக வேண்டும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உப்பைக் கழுவ இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். வடிகால் குழாயின் வாயில் வரும் நீரின் மின்கடத்து திறனை அளந்து பார்த்தால் எப்போது நிறுத்தலாம் என்பது விளங்கும்.

சுண்ணாம்பு மிகுந்த மணலாயிற்றே, கந்தகம் இட்டால் அந்தச் சுண்ணாம்பிலிருந்தே கால்சியம் கிடைக்குமே என்று சிலர் யோசனை கூறலாம். வேதியியல் சரிதான், ஆனால் வடிகால் மந்தமான கிரீனில் காற்றின்றிக் கந்தகம் சிதைந்து, அழுகிய முட்டை நாற்றத்துடன் கருநிற அடுக்கு உருவாகும் அபாயம் உண்டு. வடிகாலைச் சரிசெய்யாமல் அதைத் தொடாதீர்கள்.