கணினியில் குலுங்காத வேன்

அன்புள்ள அக்கா,

பாலிடெக்னிக் இறுதியாண்டு புராஜெக்டுக்காக அப்பாவின் டீசல் வேனைக் கணினியில் மாடல் செய்கிறேன். எரிபொருள் கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் வண்டி முன்னும் பின்னும் குலுங்குமே, அது சிமுலேஷனில் வரவில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் எரிதலையும் சேர்க்க வேண்டுமா? மின்வாகனக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் வேறு கேட்கிறார்கள்.

வாசகர், ஜூரோங் வெஸ்ட்

அன்புள்ள தம்பி,

சிலிண்டருக்குள் போகவே வேண்டாம். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒரு முறை எரிதல் நடக்கிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் விநாடிக்கு 50 துடிப்பு. நீங்கள் சொல்லும் குலுக்கலோ விநாடிக்கு மூன்று நான்கு முறைதான் வரும். இரண்டும் வேறு வேறு சங்கதி.

உங்கள் மாடலில் எஞ்சினும் சக்கரமும் வளையாத கம்பியால் கட்டியதுபோல் இணைந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். நிஜத்தில் நடுவிலுள்ள ஷாஃப்ட் முறுக்கிக்கொள்கிறது, டயரும் நெளிகிறது. ஆகவே மாடலை இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு பக்கம் எஞ்சினும் அதன் சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரமான ஃபிளைவீலும், மறுபக்கம் வண்டியின் எடை, நடுவில் ஒரு ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்கும் ஒரு டேம்பர். குலுக்கல் தானாக வரும்.

வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். சக்கரத்திலிருந்து பார்த்தால் எஞ்சினின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, கியர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருகும். மொத்த விகிதம் 8 என்றால் 64 மடங்கு. அதனால் விகிதம் அதிகமான முதல் கியரில் குலுக்கல் மெதுவாகவும், விகிதம் குறைந்த மூன்றாவதில் வேகமாகவும் வர வேண்டும். வரவில்லையென்றால் வர்க்கத்தை எங்கோ விட்டுவிட்டீர்கள். கணக்கின் காலப்படியை, அதாவது சிமுலேஷன் ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரத் துண்டை, பாதியாக்கியும் ஓட்டிப் பாருங்கள். வரைபடம் மாறினால் கோளாறு கணக்கில், வண்டியில் அல்ல. கியர்ப் பற்களுக்கிடையிலான இடைவெளியைச் சேர்க்கும்போது இது கட்டாயம் தேவைப்படும்.

நண்பர்களுக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. 2030க்குள் நம் பொதுப் பேருந்துகளில் பாதி மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பது சிங்கப்பூரின் இலக்கு. மின்மோட்டாரின் முறுக்குவிசை சில மில்லிவிநாடிகளிலேயே வந்துவிடுகிறது. அதிர்வை உள்வாங்க, ஆட்டோமேட்டிக் வண்டிகளில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரும் கிடையாது. ஷாஃப்ட் மட்டும் அதே ஷாஃப்ட்தான். கைப்பிடியைப் பிடித்து நிற்கும் பாட்டி தடுமாறாமலிருக்க மோட்டாரின் மென்பொருள் குலுக்கலை அடக்க வேண்டும். அதை வடிவமைப்பவர்கள் தொடங்குவதும் இப்படிப்பட்ட ஒரு மாடலிலிருந்துதான். எஞ்சின் போனாலும் இந்த வேலை போகாது, தம்பி.

டேம்பரின் எண்ணை மட்டும் ஊகித்துப் போடாதீர்கள். அப்பா ஓட்டும்போது கைபேசியை வேனில் அசையாமல் பொருத்தி, முடுக்கத்தைப் பதிவு செய்யுங்கள். அலை எத்தனை ஆட்டத்தில் பாதியாக அடங்குகிறது என்று எண்ணினால் அந்த எண் கிடைத்துவிடும்.

அன்புடன்,
அக்கா