வங்கி லாபத்தை இனி கணிக்க முடியாதா?

கேள்வி: ஐயா, அப்பா காலத்துச் சிட்டி யூனியன் வங்கிப் பங்குகள் வீட்டில் இருக்கின்றன. சர்வதேசக் கணக்கு முறை வந்தால் வங்கி லாபம் தாறுமாறாக ஏறி இறங்கும் என்கிறான் மகன். விற்றுவிடலாமா? – வாசகர், பாபநாசம்

பதில்: இந்த ஒரு காரணத்துக்காக விற்க வேண்டாம். மகன் சொல்வதில் பாதி சரி.

நான் வேறொரு வங்கியில், மன்னார்குடிப் பக்கம் கிளை மேலாளராக இருந்தவன். சிறிய அரிசி ஆலை ஒன்றுக்கு 1 கோடி கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 85 நாள் நிலுவை. ஆலைக்காரர் திணறுவது கடைத்தெருவுக்கே தெரியும். எங்கள் கணக்கில் மட்டும் அது நல்ல கடன். ஒதுக்கீடு, அதாவது நஷ்டம் வந்தால் ஈடுகட்ட லாபத்திலிருந்து எடுத்து வைக்கும் தொகை, 0.25 சதவீதம்; 25,000 ரூபாய். 90 நாள் தாண்டினால் வாராக்கடன், ஒதுக்கீடு 15 லட்சம்! மார்ச் கடைசி வாரம் மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வரும். அவர் யாரிடமாவது கைமாற்று வாங்கிக் கட்டுவார். லாபம் சீராகத் தெரியும். அந்தச் சீரை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

2018 ஜனவரி முதல் பல நாடுகளில் நடப்பில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 9, அதாவது மகன் சொல்லும் சர்வதேசக் கணக்கு முறை, வேறு மாதிரி. கடன் கொடுத்ததுமே, அடுத்த 12 மாதத்தில் அது தவறினால் வரக்கூடிய நஷ்டத்துக்கு ஒதுக்க வேண்டும். இது முதல் நிலை. ஆபத்து கணிசமாகக் கூடினால் இரண்டாம் நிலை; கடனின் முழு ஆயுளிலும் வரக்கூடிய நஷ்டத்துக்கு ஒதுக்க வேண்டும். பொதுவாக 30 நாள் தாமதமே அதற்கு அடையாளம். வாராக்கடனானால் மூன்றாம் நிலை. பொருளாதாரம் எப்படிப் போகும் என்ற வங்கியின் கணிப்பும் இதில் சேரும். மகன் பயப்படுவது இங்கேதான். பிரிட்டனின் எச்எஸ்பிசி வங்கி 2020-ல் கடன் நஷ்டத்துக்காகச் சுமார் 880 கோடி டாலர் கழித்தது. கொரோனா பயம் தணிந்த 2021-ல் சுமார் 90 கோடி டாலர் லாபத்துக்கே திரும்பி வந்தது.

ஆக, அடுத்த காலாண்டு லாபத்தைச் சொல்வது கடினமாகும். ஆனால் பின்னால் விழப்போகும் அடி முன்பே கண்ணில் படும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருடம் உரக்கடை, அரிசி ஆலை எல்லாம் தடுமாறும் என்று ஜூனிலேயே நமக்குத் தெரியும். அதை மார்ச் வரை மறைப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவு, இந்த எதிர்பார்ப்பு நஷ்ட முறைக்கு 2027 ஏப்ரல் 1-ஐக் குறித்தது. வந்த பிறகு, லாபத்தைப் பார்க்கும் முன் இரண்டாம் நிலைக் கடன்கள் கூடுகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: நிதி நிறுவனப் பங்குகளுக்கும் இதே கதையா? – அதே வாசகர்

பதில்: பெரிய நிறுவனங்கள் 2018 ஏப்ரலிலிருந்தே இந்த வழியில்தான் கணக்கெழுதுகின்றன. அவற்றின் ஆண்டறிக்கையை எடுத்து, மூன்று நிலைகளாகப் பிரித்த கடன் அட்டவணையை இப்போதே வாசித்துப் பழகுங்கள்.